அர்ஜி எழுதிக் கொடுங்கள் என்றேன்

ஓய்வு பெற்ற பிறகு நான் இறையியல் படிக்கப் போனதைப் பக்தி என்று எங்கள் சபையில் பலர் நினைத்தார்கள். நான் மறுக்கவில்லை. உண்மையில் எங்கள் போதகரை வாதத்தில் தோற்கடிக்கத்தான் போனேன்.

சித்தூர் கலெக்டர் ஆபீசில் வேலை பார்த்தவன் நான். எந்தக் கோப்பு எந்த மேசையில் எத்தனை நாள் தூங்கலாம், எந்த மனுவை எந்த விதியைக் காட்டித் திருப்பி அனுப்பலாம் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஓய்வு பெற்ற மறுநாள் காலை என் கையெழுத்துக்காக யாரும் காத்திருக்கவில்லை. மிச்சம் இருந்தது சபைக் கமிட்டி ஒன்றுதான். அதில் நான் செயலாளர். சபையின் சட்டப் புத்தகத்தை முழுதாகப் படித்த ஒரே ஆள் நான் என்பதால் கமிட்டியில் என் பேச்சு எடுபடும். போதகர் மட்டும், என் மகன் வயதுக்காரர், பேச்சு முற்றும்போது, "ஐயா, இது இறையியல் சம்பந்தப்பட்டது" என்று ஒரு வார்த்தை சொல்லி என் வாயை அடைத்துவிடுவார். சரி, அதையும் படித்துவிடுவோம் என்று கிளம்பினேன்.

திருப்பதியில் ஒரு இறையியல் பள்ளி. வேலையில் இருப்பவர்களுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும் வெள்ளி சனிகளில் இரண்டு வருஷப் படிப்பு நடத்துகிறார்கள். ஊரில் அதற்கு பாஸ்டர் காலேஜ் என்று பெயர். வாசலுக்கு எதிரே ஒரு லாட்ஜ். மொட்டை போட்ட குடும்பங்கள் அதன் மாடியில் ஈரத் துணி உலர்த்திக்கொண்டிருக்கும். வெள்ளிக்கிழமை விடியலில் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போதெல்லாம் என் மனைவி ஏதாவது சொல்லி வழியனுப்புவாள்.

"ரிட்டையர் ஆனவங்க எல்லாம் வாக்கிங் போறாங்க. நீங்க பரலோகத்துக்கு ஃபைல் தூக்கிக்கினு போறீங்க."

"படிக்கப் போறேன்."

"படிங்க. அங்க எந்த செக்‌ஷன்ல உங்கள போடப் போறாங்களோ."

அந்தப் பள்ளி மாணவர்களை எப்படி உருவாக்குகிறது என்று இப்போது சபைகளில் என்னைப் பேசக் கூப்பிடுகிறார்கள். நான் போய்ப் பேசுகிறேன். கிரேக்க எழுத்துகளைப் பற்றி, சபை வரலாற்றைப் பற்றி, பிரசங்கம் தயாரிக்கும் முறையைப் பற்றிச் சொல்கிறேன். என்னை நிஜமாக உருவாக்கியது ஒரு பெஞ்சு. அதைப் பற்றி இதுவரை எந்தச் சபையிலும் சொன்னதில்லை.

முதல் மாதம் எல்லாரும் ஜெப மண்டபத்தைப் பெருக்க வேண்டும், டீ குடித்த டம்ளர்களைக் கழுவ வேண்டும். மூத்தவர்களுக்கு விலக்கு உண்டா என்று அலுவலகத்தில் விசாரித்தேன். விலக்கு இல்லை, துடைப்பம் மூலையில் இருக்கிறது என்றார்கள். பிரசங்க வகுப்பில் ஒவ்வொருவருக்கும் ஏழு நிமிஷம். ஏழாவது நிமிஷம் மணி அடித்துவிடுவார்கள். நான் மூன்றாம் தலைப்பின் இரண்டாம் உட்பிரிவில் இருக்கும்போது மணி அடித்தது. சத்தியவேடு பக்கத்திலிருந்து வருகிற சக மாணவி ஒருத்தி, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், வாய்த் துடுக்கு அதிகம், எழுந்து விமர்சனம் சொன்னாள்.

"நல்லாத்தான் இருந்துச்சு நைனா. சர்க்குலர் படிச்ச மாதிரி. கடைசியில நகல் யார் யாருக்குன்னு மட்டும் வுட்டுட்டீங்க."

அந்தப் பக்கத்தில் தகப்பனை நைனா என்பார்கள். வயசானவரையும் அப்படிக் கூப்பிடுவார்கள். வகுப்பே சிரித்தது. எனக்குக் கோபம் வரவில்லை. ஆபீசில் என் எதிரில் யாரும் இப்படிப் பேசியதில்லை என்பதால் கொஞ்சம் பிடித்துக்கூட இருந்தது.

இரண்டாம் வருஷம் ஆஸ்பத்திரிப் பயிற்சி. ஒவ்வொருவருக்கும் ஒரு வார்டு. வெள்ளிக்கிழமை போய் நோயாளிகளைப் பார்க்க வேண்டும். அதற்கும் விதிகள் இருந்தன, எனக்குத் தெம்பாக இருந்தது. கட்டிலின் கால்மாட்டில் நிற்கக் கூடாது. ஸ்டூல் இருந்தால் உட்கார வேண்டும். கேட்காமல் ஜெபம் பண்ணக் கூடாது. நோயாளி எந்த மதமாக இருந்தாலும் கையில் துண்டுப் பிரசுரம் இருக்கக் கூடாது. மறுநாள் சனிக்கிழமை வகுப்பில் அந்தச் சந்திப்பை அப்படியே நடித்துக் காட்ட வேண்டும். அதை நாங்கள் பெஞ்சு வகுப்பு என்போம். ஒரு பெஞ்சுதான் கட்டில். போய் வந்தவர் அதில் நோயாளியாகப் படுத்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் போய் வந்தவராக நடித்து, அவர் பேசியதைப் பேசுவார். படுத்திருப்பவர் நோயாளி சொன்னதை மட்டுமே சொல்லலாம். தன் பக்க நியாயத்தைச் சொல்ல அனுமதி கிடையாது. முதல் சில வாரங்கள் எனக்கு வாய்த்தவர்கள் எல்லாம் தூங்கிக்கொண்டிருந்த நோயாளிகள். படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன், வேலை முடிந்தது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, இருதய வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் அவரைப் பார்த்தேன்.

எங்கள் சபைக்காரர். சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாடகர் குழுவில் கட்டைக் குரல் அவருடையது. சில வருஷங்களுக்கு முன் அவருடைய ஒரே மகள் விஜயபுரத்துப் பையன் ஒருவனைக் கட்டிக்கொண்டாள். இந்து விவசாயக் குடும்பம், வேர்க்கடலை போடுகிறவர்கள். கல்யாணம் திருமலையில் மலைமேல் நடந்தது. மகள் கட்டிக்கொண்டது எங்கள் கமிட்டிக்குப் பெரிய விஷயமில்லை. அவர் தகப்பன் ஸ்தானத்தில் நின்று, தாரை வார்த்துக் கொடுத்தார் என்பதுதான் விஷயம். அப்படிச் செய்தவரை, அப்பமும் திராட்சரசமும் கொடுக்கிற திருவிருந்திலிருந்து விலக்கி வைக்க வேண்டும் என்று விதி இருந்தது. கண்டுபிடித்துக் கொடுத்தவன் நான். தீர்மானத்தை எழுதியவன் நான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், பெண்கள் ஐக்கியத்தின் ஊறுகாய் விற்பனைக்கும் ஒரு கல்யாண அறிவிப்புக்கும் நடுவில் அதைப் படித்தவனும் நான். அவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் படித்து முடிக்கும் வரை காத்திருந்து, பாட்டுப் புத்தகத்தை முன் பெஞ்சின் பலகையில் நேராக வைத்துவிட்டு எழுந்து போனார். திரும்பிச் சேர வேண்டுமென்றால் கமிட்டி தீர்மானம் போட்டு, அவர் சபை முன்னால் வந்து நின்று தன் தப்பை அறிக்கையிட வேண்டும். அவர் வரவில்லை. வடமாலபேட்டையில் குடியேறியிருந்த மகள் வீட்டோடு போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அடடே, செயலாளர் ஐயா! இங்கயும் வந்துட்டீங்களா? ஆஸ்பத்திரி லிஸ்ட்ல இருந்தும் என் பேர எடுக்கணுமா?"

"இல்லைங்க. ட்ரெய்னிங்குக்கு வந்திருக்கேன்."

"எதுக்கு ட்ரெய்னிங்?"

"ஊழியத்துக்கு."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, மகள் ஓடி வந்து முதுகைப் பிடித்தாள். "நைனா, சிரிக்காத. டாக்டர் என்னா சொன்னாரு?" என்று அதட்டினாள். பிறகு மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்து சாத்துக்குடி உரிக்கத் தொடங்கினாள். இருந்தது ஒரு ஸ்டூல்தான். நான் கால்மாட்டில் நின்றேன்.

மூச்சு வந்ததும் அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "புதன்கிழமை நெஞ்சைப் பொளக்கப் போறாங்க. பொழைச்சிக்குவேன்னுதான் சொல்றாங்க. ஆனா அதுக்கு முன்னாடி திருவிருந்து எடுத்துக்கணும்னு இருக்கு. பாஸ்டர் கிட்ட சொல்றீங்களா?"

இந்த இடத்தில் என்ன சொல்லியிருக்கலாம் என்று எனக்குப் பல பதில்கள் தெரியும். அன்றைக்கு வாயில் வந்தது இதுதான்:

"அதுக்கு ஒரு முறை இருக்குங்க. நீங்க ஒரு அர்ஜி எழுதிக் கொடுங்க. கமிட்டியில வைக்கிறேன்."

எங்கள் பக்கத்தில் ரேஷன் கார்டிலிருந்து பட்டா வரை எல்லாவற்றுக்கும் ஆபீசில் கொடுக்கிற மனுவுக்கு அர்ஜி என்றுதான் பெயர். ஆயிரக்கணக்கானவர்களிடம் சொன்ன வாக்கியம். அவர் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். ஊசி குத்தி, பிளாஸ்திரி ஒட்டி, ஒரு அட்டையோடு சேர்த்துக் கட்டியிருந்தது.

"எந்தக் கையால?" என்றார்.

அதோடாவது நான் நிறுத்தியிருக்கலாம். "பொண்ணு எழுதினாலும் பரவாயில்லை. நீங்க கையெழுத்து மட்டும் போட்டா போதும்" என்றேன். சலுகை காட்டுகிற நினைப்பு எனக்கு.

சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. "என்னன்னு எழுதணும் சார்?"

"நடந்ததுக்கு வருத்தம் தெரிவிச்சு, மறுபடியும் சேர்த்துக்கணும்னு கேட்டு, ரெண்டு வரி."

"எது நடந்ததுக்கு சார்?"

நான் கட்டிலில் தொங்கிய அட்டையை எடுத்துப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். புதன்கிழமைக்குள் கொடுத்தால் பார்க்கலாம் என்று ஏதோ சொல்லிவிட்டு வந்தேன். அன்று ராத்திரி தங்கிய அறையில் அந்த அர்ஜிக்கு நானே மனசுக்குள் ஒரு வரைவு போட்டுப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நல்ல வரைவு. ஒரு வார்த்தை அதிகமில்லை.

சனிக்கிழமை வகுப்பில் நடந்ததைச் சொன்னேன். ஒளிக்கவில்லை. ஒளிக்க வேண்டிய எதையும் செய்ததாகவே எனக்குத் தோன்றவில்லை. எங்கள் ஆசிரியை என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். அதிகம் பேச மாட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "படுத்துக்கோங்க ஐயா" என்றார்.

படுத்தேன். சத்தியவேட்டுக்காரி நானாக வந்தாள். இன்னொரு மாணவி மகளாகப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சத்தியவேட்டுக்காரி இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, மூக்குக் கண்ணாடியை இறக்கி, அதன் மேலாக என்னைப் பார்த்தாள். நான் அப்படித்தான் நிற்பேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

"அதுக்கு ஒரு முறை இருக்குங்க" என்றாள், என் குரலில். மறுபடி சிரிப்பு. "நீங்க ஒரு அர்ஜி எழுதிக் கொடுங்க. கமிட்டியில வைக்கிறேன்."

இனி என் முறை. "எந்தக் கையால?" என்றேன்.

பெஞ்சில் படுத்துப் பார்த்தால் நிற்கிறவருடைய தாடையும் மூக்குத் துவாரமும்தான் தெரிகின்றன. அதற்கு மேலே ஒரு மின்விசிறி. கண்கள் எங்கேயோ உயரத்தில் இருக்கின்றன. அந்த உயரத்திலிருந்து அவள் மகள் பக்கம் திரும்பி, "பொண்ணு எழுதினாலும் பரவாயில்லை" என்றாள். மகளாக இருந்தவள் என்ன எழுதுவது என்று கேட்டு, வருத்தம் தெரிவித்து இரண்டு வரி என்ற பதிலை வாங்கிக்கொண்டாள். பிறகு நான் சொல்லிக்கொடுத்த வார்த்தையை மெதுவாகச் சொன்னாள்.

"எது நடந்ததுக்கு சார்?"

சிரிப்பு நின்றுவிட்டது. சத்தியவேட்டுக்காரியும் கைகளை முன்னால் கொண்டுவந்துவிட்டாள். அவளால் நானாகத் தொடர முடியவில்லை.

ஆசிரியை என்னிடம் கேட்டார், "படுத்திருக்கிறவருக்கு இப்போ என்ன வேணும்?"

"இந்த ஆள் கிளம்பிப் போனா போதும்" என்றேன்.

ஆசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். "எழுந்திரிங்க ஐயா. டீ ஆறிப்போகுது" என்றார். அன்றைக்கு டம்ளர் கழுவுவது என் முறையும் இல்லை. நானே போய்க் கழுவினேன். சத்தியவேட்டுக்காரி பக்கத்தில் வந்து நின்றாள். "கோவமா நைனா?" என்றாள். "உன் மேல இல்லை" என்றேன். "நான் கொஞ்சம் ஜாஸ்தி பண்ணிட்டனோ?" என்றாள். இல்லை, கொஞ்சம் குறைத்துத்தான் பண்ணினாய் என்று சொல்ல நினைத்து, அடுத்த டம்ளரை எடுத்தேன்.

சாயங்காலம் சித்தூரில் இறங்கி வீட்டுக்குப் போகாமல் நேராகப் போதகர் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். போய்த் திருவிருந்து கொடுத்துவிட்டு வாருங்கள் என்றேன். அவர் எனக்கு ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

"ஐயா, அன்னைக்கு நான் வேணாம்னுதான் சொன்னேன். நீங்க விதி நம்பர் சொன்னீங்க. நான் வாயை மூடிக்கிட்டேன்."

"இப்போ நானே சொல்றேனே."

"தீர்மானம் இல்லாம போனா என்னை இங்கிருந்து மாத்திடுவாங்க. என் பொண்ணு இந்த வருஷம் பத்தாவது. புகார் எப்படி எழுதுவாங்க, எங்க அனுப்புவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா? நீங்கதானே இங்க எல்லாருக்கும் எழுதக் கத்துக் கொடுத்தீங்க."

மறுநாள் ஆராதனை முடிந்ததும் கமிட்டியைப் பக்கத்து அறையில் கூட்டினேன். அவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு எதிராக நானே வாதாடினேன். கமிட்டியில் என்னிடம் பாடம் படித்தவர்கள் எல்லாரும் நன்றாகப் படித்திருந்தார்கள். அவசரக் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் நோட்டீஸ் வேண்டும் என்றார் ஹார்டுவேர் கடைக்காரர். ஒருவருக்கு விலக்குக் கொடுத்தால் நாளைக்கு எல்லாரும் கேட்பார்கள் என்றார் இன்னொருவர். அது என் வாக்கியம். சொல்லும்போது விரலை ஆட்டுவதும் என்னுடையது.

"எல்லாம் சரி, அர்ஜி எங்கே?" என்று கேட்டார் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற அம்மா.

"அர்ஜி இல்லை."

"அர்ஜி இல்லாம பேசலாமா செயலாளரே? நீங்களா கேக்கறீங்க?"

அடுத்த கூட்டத்துக்கு ஒத்தி வைத்தார்கள். எதையும் மறுக்காமல் கொல்வதற்கு அதுதான் சிறந்த வழி என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் யார் என்று எழுத வேண்டியதில்லை. போதகர் கூட்டம் முழுக்கத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் தட்டில் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள், "அந்தப் பொண்ணையா எழுதச் சொன்னீங்க?"

"ஆமா."

"அவ கல்யாணத்துக்கு அவளையே மன்னிப்பு கேக்கச் சொல்லி?"

"துன்னுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பவள். அன்றைக்கு ஒன்றும் வைத்திருக்கவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் போதகர் போன் செய்தார். "ஐயா, நாளைக்குக் காலையில திருப்பதிக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு?" என்றார். அந்த ஊரில் படித்தவர், மாதம் இரண்டு தடவையாவது போய் வருகிறவர். பஸ் நேரம் அவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை பஸ் ஸ்டாண்டில் நானும் என் மனைவியும் நின்றோம். அவளை நான் கூப்பிடவில்லை, அவளாகவே புடவை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். போதகர் ஒரு துணிப்பையோடு வந்தார். அதில் திருவிருந்துப் பாத்திரங்கள் இருக்கிற சின்ன மரப்பெட்டி. பஸ் கிளம்பும் நேரத்தில் தலைமையாசிரியை அம்மா ஏறி, எங்களுக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்.

"நீங்க எங்கம்மா?" என்றேன்.

"வேடிக்கை பார்க்கத்தான். ரிட்டையர் ஆனவளுக்கு வேற என்ன வேலை?"

யார் அவருக்குச் சொன்னது என்று தெரியவில்லை. என் மனைவி ஜன்னலுக்கு வெளியே சந்திரகிரி மலையை அப்போதுதான் முதல் தடவை பார்ப்பவள் போல் பார்த்துக்கொண்டு வந்தாள். போதகர் வழி நெடுகப் பையை மடியிலேயே வைத்திருந்தார்.

வார்டு வாசலில் சிஸ்டர் மறித்தார். "ஒக்கரே சார், ஒக்கரே" என்று தெலுங்கில் ஒரு விரலைக் காட்டினார். ஒரு ஆளுக்கு மேல் விட மாட்டார்களாம். நான் என் பயிற்சி அட்டையை எடுத்து, பார்வையாளர் விதிகளை அவருக்கு விளக்கத் தொடங்கினேன். என் மனைவி என்னை ஓரமாகத் தள்ளிவிட்டு, "நாளைக்கு ஆபரேஷன் அம்மா. ப்ரேயர், அஞ்சு நிமிஷம்" என்று தெலுங்கில் சொன்னாள். விட்டுவிட்டார்.

அவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மகள் ஒரு பக்கம், மருமகன் ஒரு பக்கம். எங்களைப் பார்த்ததும் மருமகன் எழுந்து சுவரோரம் போய் நின்றான். அவர் போதகரைப் பார்த்தார், பையைப் பார்த்தார்.

"கமிட்டி பாஸ் பண்ணிட்டாங்களா?"

"இல்லைங்க" என்றார் போதகர்.

"அப்புறம்?"

"வந்துட்டோம்."

உணவு வைக்கிற சின்ன மேசையில் போதகர் வெள்ளைத் துணியை விரித்தார். ஜெபத்தைத் தொடங்கினார். விலக்கப்பட்டவர் தன் தப்பைச் சொல்ல வேண்டிய இடம் வந்ததும் நிறுத்தினார். நிறுத்தியதே கேள்விதான்.

"பாஸ்டர், ஒன்னு சொல்லிடறேன்" என்றார் கட்டிலில் இருந்தவர். "எவ்ளோ பாவம் வேணும்னாலும் ஒத்துக்கறேன். கைவசம் நெறய இருக்குது. இவ கல்யாணத்த மட்டும் அதுல சேக்க மாட்டேன். இவ பக்கத்துல நிக்கறா."

மகள் குனிந்து அவர் காதருகே சொன்னாள். எங்கள் எல்லாருக்கும் கேட்டது. "சொல்லிடு நைனா. எனக்கு ஒன்னும் இல்ல. சும்மா வாயால சொல்லு. நீ திருவிருந்து கேட்டுக்கினே இருந்தியே."

"மாட்டேன்."

"நைனா, நாளைக்கு ஆபரேஷன்."

"அதனாலதான் மாட்டேன்."

போதகர் என்னைப் பார்த்தார். தலைமையாசிரியை அம்மாவும் என்னைத்தான் பார்த்தார். விதி தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான். நான் மகளைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை நான் கேட்டதை அவள் இப்போது கொடுத்துக்கொண்டிருந்தாள், காகிதம் இல்லாமல்.

"தனியா அறிக்கை வேணாம்" என்றேன். "நோயாளிகளுக்கு வேற விதி. ஆராதனையில எல்லாரும் சேர்ந்து சொல்ற பொதுப் பாவ அறிக்கை போதும். சபையும் கூட நின்னு சொல்லணும், அவ்வளவுதான்."

"அப்படி விதி இருக்கா?" என்றார் தலைமையாசிரியை அம்மா.

"இருக்கு."

இல்லை. என் வாழ்க்கையில் நான் இட்டுக்கட்டிய ஒரே விதி அதுதான்.

எல்லாரும் சேர்ந்து சொன்னோம். சின்ன வயசிலிருந்து மனப்பாடமாக வருகிற வார்த்தைகள். நினைவாலும் வாக்காலும் செய்கையாலும் என்று ஓடுகிற அந்த வரிசையை நான் எப்போதும் வேகமாகச் சொல்லி முடிக்கிறவன். அன்றைக்கு நான் மற்றவர்களைவிடப் பின்தங்கிவிட்டேன். அவருடைய கட்டைக் குரல் மட்டும் எல்லாருக்கும் அடியில் நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. போதகர் அப்பத்தை அவர் வாயில் வைத்தார். கிண்ணத்தை நீட்டியபோது சிஸ்டர் எட்டிப் பார்த்து, அவருக்குத் தண்ணீர் அளவு உண்டு, எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். ஒரு ஸ்பூன் என்றார் போதகர். சிஸ்டர் அதையும் எழுதிக்கொண்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

அடுத்த கமிட்டியில் ஹார்டுவேர் கடைக்காரர் குரலை உயர்த்தினார். தலைமையாசிரியை அம்மா, "நோயாளிகளுக்கு விதி இருக்குன்னு செயலாளர் சொன்னார், நான் கூட இருந்தேன்" என்றார். ஒருவரும் புத்தகத்தைத் திறக்கவில்லை. நான் சொன்னால் இருக்கும் என்று நம்பினார்கள். இத்தனை வருஷமாக என்னை யாரும் சரிபார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருடைய பெயரை மறுபடி சேர்த்தார்கள். போதகரை மாற்றவில்லை. பள்ளியில் என் ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு நல்ல மதிப்பெண் போட்டு, வளர்ச்சி தெரிகிறது என்றும் எழுதியிருந்தார்கள். ஒருவரை நெஞ்சைப் பிளக்கும் நிலைக்குக் கொண்டுவந்து படுக்கவைத்தால்தான் எனக்கு வளர்ச்சி வரும் என்றால், அந்த வளர்ச்சியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் எங்கள் சபைக்குத் திரும்பி வரவில்லை. வடமாலபேட்டையில் பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன ஜெப வீடு இருக்கிறது, அங்கே போகிறார். ஏன் என்று ஒரு தடவை கேட்டேன். "நம்ம சபைக் கோயில்ல உட்கார்ந்தா அறிவிப்பு வரும்போது நெஞ்சு அடிச்சிக்குது ஐயா. டாக்டர் அடிச்சிக்கக் கூடாதுன்றார்" என்று சிரித்தார். நான் இப்போது அறிவிப்புகள் படிப்பதில்லை. அதை அவரிடம் சொன்னேன். "அதுக்கு என்ன, குரல் அங்கயே இருக்குது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

படிப்பு முடிந்த பிறகும் மாதம் ஒரு தடவை போய்ப் பார்க்கிறேன். போன மாதம் போனபோது அவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். மருமகன் மோட்டார் பழுது பார்க்கிற கடைக்குப் போயிருந்தான். மகள் டீ கொண்டுவந்து வைத்தாள். வழக்கமாக வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அன்றைக்கு நின்றாள்.

"ஒன்னு கேக்கட்டுமா சார்?"

"கேளும்மா."

"அன்னைக்கு வெள்ளிக்கிழமை நான் எழுதிக் கொடுத்திருந்தா, வாங்கிக்கினு போயிருப்பீங்களா?"

மாட்டேன் என்று அவள் எதிர்பார்த்தாளா, தெரியவில்லை. பள்ளியில் கற்றுக்கொடுத்த எதுவும் அந்த நேரத்தில் உதவவில்லை. பெஞ்சில் படுத்திருப்பவர் தன் பக்க நியாயத்தைச் சொல்லக் கூடாது என்ற ஒரு விதியைத் தவிர.

"வாங்கிட்டுப் போயிருப்பேன்" என்றேன். "ஃபைல்ல நம்பர் போட்டு வச்சிருப்பேன்."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். நான் குடித்து முடிக்காத டம்ளரை எடுக்கக் கை நீட்டி, பிறகு அதை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே போனாள். உள்ளிருந்து அவருடைய குரல் கேட்டது.

"யாரு, செயலாளரா?"

"ஆமா நைனா."

"போயிட்டாரா?"

"இல்ல. உட்கார்ந்துக்கினுதான் இருக்காரு."